பூட் ஆகாத பெட்டியும் டூப்ளிகேட்டும்

ஜவ்வாது மலையில் கம்ப்யூட்டர் திறக்காவிட்டால் சாவி செய்கிறவரைத்தான் கூப்பிடுவார்கள். வேறு எந்த ஊரிலும் இந்த வழக்கம் இருப்பதாக எனக்குத் தகவல் இல்லை. இருக்க வழியும் இல்லை. அங்கெல்லாம் டூப்ளிகேட் கிடையாது.

டூப்ளிகேட் என்பது ஓர் ஆள். செங்கம் சந்தைக்கு வெளியே ஒரு கறுப்புக் குடைக்குக் கீழே தகரப் பெட்டியோடு உட்கார்ந்திருந்தவர். 'டூப்ளிகேட் சாவி செய்து தரப்படும்' என்று அவர் எழுதி வைத்த பலகையில் மழைக்குத் தப்பியது முதல் வார்த்தை மட்டும். ஊர் அதையே அவருக்குப் பெயராக வைத்துவிட்டது. 'டூப்ளிகேட்டண்ணா' என்றால் திரும்பிப் பார்ப்பார். வேறு எப்படிக் கூப்பிட்டால் திரும்புவார் என்று யாருக்கும் தெரியாது. வயது ஐம்பதுக்கும் அறுபதுக்கும் நடுவில் எங்கோ. இடது காது வலது காதைவிடக் கொஞ்சம் சிவந்திருக்கும். முப்பது வருடமாகப் பூட்டுகளின் மேல் வைத்து வைத்துக் கேட்டதில் அப்படி ஆகிவிட்டது என்பார்.

இவர் கம்ப்யூட்டருக்கு வந்த கதையைச் சொல்வதற்கு முன் எங்கள் பக்கத்துப் பேச்சைப் பற்றி ஒரு குறிப்பு. பூட்டு என்றால் பூட்டு. 'பூட்டாரு' என்றால் போய்விட்டார். பஸ் ஏறிப் போனாலும் பூட்டாருதான், உலகத்தை விட்டுப் போனாலும் பூட்டாருதான். கம்ப்யூட்டர்கள் மலையேறிய பிறகு மூன்றாவதாக 'பூட் ஆவுது' என்று ஒன்று வந்து சேர்ந்தது. சுவிட்சைப் போட்டதும் கம்ப்யூட்டர் தன் வட்டைத் தேடிப்பிடித்து, அதிலிருந்து விண்டோஸை எழுப்பி உட்கார வைக்கிறதே, அதற்குப் பெயர் பூட். இந்த மூன்றையும் மலைமேல் கிடைக்கிற செல்போன் சிக்னலில் பிரித்தறிய மனிதக் காதால் முடியாது.

அப்போது நான் ஒரு பத்திரிகைக்குப் பகுதிநேர நிருபர். வாரத்தில் இரண்டு நாள் ஜமுனாமரத்தூருக்குப் போய், கிடைத்த செய்தியை அங்கேயே செல்வியின் ஆன்லைன் மையத்தில் உட்கார்ந்து என் மடிக்கணினியில் தட்டி அனுப்புவேன். அந்த மையம் ஒரு புளிக்கிடங்கின் முன்பாதி. பின்பாதி செல்வியின் மாமியார் முனியம்மாவுடையது. அவர் ஒரு கல்லை முன்னால் வைத்துக்கொண்டு, சிறிய சுத்தியலால் புளியைத் தட்டிக் கொட்டை எடுத்துக்கொண்டிருப்பார். செல்வியின் கணவருக்குப் பெங்களூரில் வேலை. ஆகவே வீட்டிலும் கிடங்கிலும் இவர்கள் இருவர்தான். கம்ப்யூட்டர் உட்கார்ந்திருந்த இடத்தில் பதினோரு மூட்டை புளி அடுக்கலாம் என்று முனியம்மா தினமும் ஒருமுறை சொல்வார். யாரையும் பார்த்துச் சொல்ல மாட்டார்.

செல்வியின் கம்ப்யூட்டர் கண் விழிக்கக் கால்மணி நேரம் எடுத்துக்கொண்டது. அதனால் வேலூரில் ஒரு கடைக்கு எடுத்துப் போய், பழைய ஹார்ட் டிஸ்க்கில் இருந்ததையெல்லாம் அப்படியே ஒரு எஸ்.எஸ்.டி.யில் நகல் எடுத்துப் பொருத்திக்கொண்டு வந்தார். எஸ்.எஸ்.டி. என்பது சீட்டுக்கட்டு அளவில் ஒரு தகடு. உள்ளே எதுவும் சுழலாது, சத்தமும் போடாது. கடையில் நொடியில் திறந்தது. கணியம்பாடி, அமிர்தி வழியாக மலையேறுகிற பஸ்ஸில் பெட்டியை மடியில் வைத்து, சேலைத் தலைப்பால் மூடி எடுத்து வந்தார். எழுந்து இடம் கொடுத்த ஒருவர், பிறகு விவரம் தெரிந்து வருத்தப்பட்டாராம்.

மலைக்கு வந்து சுவிட்சைப் போட்டால் கறுப்புத் திரை. அதில் ஒற்றை வரி ஆங்கிலம்.

கடைக்காரர் போனில் ஆறு நாள் வைத்தியம் சொன்னார். எல்லா வைத்தியமும் "வயரை ஆட்டிப் பாருங்க" என்பதில் முடிந்தது. இங்கேதான் சிக்கல். மையம் நடத்தச் செல்வி போட்ட ஒப்பந்தப்படி, ஏழு நாள் சேர்ந்தாற்போல் அந்தக் கம்ப்யூட்டரிலிருந்து லாகின் இல்லை என்றால் மையத்தின் எண் ரத்து. ஏழாவது நாள் மாலை ஐந்து மணி கெடு. எண் போனால் மையம் இல்லை. மையம் இல்லை என்றால் செல்வி பின்பாதிக்குப் போய்ப் புளி தட்ட உட்கார வேண்டியதுதான். முனியம்மா அதற்காக இன்னொரு சுத்தியலைத் துடைத்துத் தனியாக எடுத்து வைத்திருந்தார்.

ஆறாவது நாள் மத்தியானம், செங்கத்தில் உரக்கடை வைத்திருக்கும் தன் மாமாவுக்குச் செல்வி போன் செய்தார். பக்கத்தில் நான் இருந்தேன். மாமா அந்த முனையில் கத்திய கத்தல் எனக்கும் கேட்டது.

"மாமா, இங்க பூட் ஆவல மாமா!"

"இன்னாது?"

"பூட்டு மாமா, பூட்டு! ஆறு நாளா!"

"ஆறு நாளா பூட்டிக்கினு கீதா? உள்ள இன்னா மாட்டிக்கிச்சு?"

"எல்லாமே உள்ளதான் மாட்டிக்கினு கீது மாமா! தெரிஞ்ச ஆளா பாத்து அனுப்புங்க!"

"அழுவாத. காலைல மொத பஸ்ல ஆளு வரும்."

மாமா சொன்ன சொல் தவறாதவர்.

மறுநாள் முதல் பஸ்ஸில் கிளம்பிய டூப்ளிகேட் மத்தியானம் இரண்டு மணிக்கு வந்து சேர்ந்தார். பஸ் மாறுகிற இடத்தில் வேறு ஒரு பஸ்ஸின் சாமான் பெட்டிக் கதவு திறக்காமல் நின்றதாம். பார்த்துவிட்டுச் சும்மா எப்படிப் போவது என்று கேட்டார். தகரப் பெட்டியைத் தரையில் வைத்து, அரத்தையும் இரண்டு வளைந்த கம்பிகளையும் எடுத்துக்கொண்டு எழுந்தார்.

"எந்தப் பூட்டும்மா?"

செல்வி கம்ப்யூட்டரைக் காட்டினார். டூப்ளிகேட் அதை முன்னால் பார்த்தார். பின்னால் போய்ப் பார்த்தார். குனிந்தார். முகம் மலர்ந்தது.

"தோ கீது பாரு சாவி ஓட்டை."

"அது ஸ்பீக்கர் சொருவற ஓட்டைணா."

ஒரு நிமிடத்தில் இருவருக்கும் விஷயம் புரிந்துவிட்டது. செல்வி நாற்காலியில் உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டார். வேறு யாராக இருந்தாலும் அடுத்த பஸ்ஸைப் பிடித்திருப்பார்கள். டூப்ளிகேட் திரையைப் பார்த்தார்.

"இன்னா எழுதிக் கீதும்மா?"

"நோ பூட்டபிள் டிவைஸ்ணா."

"பூட்ட முடியாதுன்னு சொல்லுது."

"அப்டி இல்லணா..."

"பூட்ட முடியலன்னா தெறந்துதானே கெடக்கணும்? தெறந்து கெடந்தா உள்ள ஏன் போவல?" அரத்தைப் பெட்டியில் போட்டார். "இதுல இன்னாவோ கீது. பாத்துட்டுதான் போவேன்."

ஆனால் உடனே பார்க்கவில்லை. அவரிடம் சில சட்டங்கள் இருந்தன. முதல் சட்டம், பொருள் இன்னாருடையது என்று இரண்டு சாட்சி சொல்லாமல் எந்தப் பூட்டையும் தொட மாட்டார். ஒரு சாட்சி தெருவிலிருந்து, ஒரு சாட்சி வீட்டிலிருந்து.

"வூட்டாளு எதுக்குணா?" என்றார் செல்வி.

"பாதிப் பூட்ட ஒடைக்கிறது வூட்டாளுங்கதாம்மா."

நேரம் போய்க்கொண்டிருக்கிறதே என்று நான் சாட்சி சொல்ல முன்வந்தேன். என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"நீங்க வெளியூரு சார். உங்களுக்கே ரெண்டு சாட்சி வேணும்."

எதிர்ப்பக்கத்து டீக்கடைக்காரர் வந்து தெரு சாட்சி சொல்லிவிட்டுப் போனார். வீட்டு சாட்சிக்கு முனியம்மாவைத் தவிர ஆள் இல்லை. அன்று காலையிலிருந்து, "அஞ்சு மணியோட சனி வுட்டுது, மூட்டைய அடுக்கலாம்" என்று சொல்லிக்கொண்டிருந்தவர். இப்போது "எனக்குத் தெரியாது" என்று இரண்டு வார்த்தை சொன்னால் போதும். செல்வி அவர் பக்கம் திரும்பக்கூட இல்லை.

"யக்கா, இந்தப் பொட்டி யாருது?" என்று டூப்ளிகேட் கேட்டார்.

சுத்தியல் நின்றது. முனியம்மா ஒரு புளியங்கொட்டையை எடுத்துப் போட்டார். இன்னொன்றையும் எடுத்துப் போட்டார்.

"கேக்கறான் பாரு கேள்வி. ஆறு நாளா சோறு துன்னாம அதக் கட்டிக்கினு அழுவுறா. அவுளுது இல்லாம உங்கொப்பனுதா?"

"சாட்சி ரெண்டு, சரி" என்றார் டூப்ளிகேட். செல்வி மூக்கை உறிஞ்சிக்கொண்டு சுவிட்சைப் போட்டார்.

அடுத்து டூப்ளிகேட் மின்விசிறியை நிறுத்தச் சொன்னார். முனியம்மாவின் சுத்தியலையும் நிறுத்தச் சொன்னார். இடது காதைப் பெட்டியின் மேல் வைத்து வெகுநேரம் கேட்டார்.

"உள்ள ஒரு சத்தமும் இல்லியே. இது உசுரோட கீதா?"

எஸ்.எஸ்.டி.யில் சத்தம் வராது என்று செல்வி சொன்னார். டூப்ளிகேட் அதை ஏற்றுக்கொண்டார். ஆனால் மரியாதை குறைந்துவிட்டது. அதன்பின் அந்த எஸ்.எஸ்.டி.யைக் கடைசிவரை 'ஊமை' என்றுதான் சொன்னார்.

கடைக்காரரைப் போனில் பிடித்தோம். கம்ப்யூட்டர் உயிர் பெற்றதும், விண்டோஸைத் தேடப் போவதற்கு முன்னால், 'எஃப் டூ' பொத்தானைத் தட்டினால் ஒரு நீலத் திரை வரும் என்றார். எதை எங்கே தேடுவது என்று பெட்டிக்கு உத்தரவு போடுகிற இடம் அது. தட்டுவதற்கு இரண்டு நொடிதான் அவகாசம். செல்விக்கு ஏழு முறை தப்பியது. டூப்ளிகேட், "தள்ளிக்கம்மா" என்று உட்கார்ந்து, கண்ணை மூடி, ஒரே தட்டு. நீலத் திரை. தாழ்ப்பாள் விழுகிற நேரமும் அதே அளவுதான் என்றார்.

செல்வி ஆங்கிலத்தைப் படித்துச் சொன்னார். பெட்டி எந்தெந்த இடத்தில் எந்த வரிசையில் தேடுகிறது என்று பட்டியல் இருந்தது. முதலில் பென் டிரைவ். அடுத்தது சி.டி. மூன்றாவது நெட்வொர்க். எஸ்.எஸ்.டி. கடைசி.

டூப்ளிகேட் அருவருப்பாகப் பார்த்தார். "இன்னாம்மா இது, திருட்டுப் பையன் மாரி மொத ஜன்னல நோண்டுது, அப்பால பொறக்கட, அப்பால பக்கத்து வூடு. வாசக்கதவு கடசியா? ஊமைய மொதல்ல கொண்டா."

வரிசையில் முதலில் கொண்டுவந்தோம். அப்படியும் கறுப்புத் திரை. இன்னும் ஓர் இடத்தில் 'லெகஸி' என்று இருந்தது. அதற்குப் பதிலாக 'யு.இ.எஃப்.ஐ.' என்று ஒன்றும் வைக்கலாமாம். என்ன வித்தியாசம் என்று கடைக்காரரைக் கேட்டோம். முன்னது பழைய முறை, பின்னது புது முறை என்றார்.

"அப்ப நீங்க போட்ட எஸ்.எஸ்.டி.?" என்று செல்வி கேட்டார்.

"புது முறைல போட்டது."

"புதுப் பூட்டுல பழைய சாவிய வுட்டா எப்பிடிய்யா தெறக்கும்?" என்றார் டூப்ளிகேட். அந்தப் பிரச்சினையை அதைவிடச் சரியாகச் சொன்னவரை நான் இன்றுவரை பார்க்கவில்லை.

மாற்றினோம். எதற்கும் இருக்கட்டும் என்று கடைக்காரர் இன்னொரு யோசனையும் சொன்னார். "செக்யூர் பூட்னு ஒண்ணு இருக்கும் பாருங்க, அதையும் எடுத்துடுங்க."

"செக்யூர்னா இன்னாம்மா?" என்று டூப்ளிகேட் செல்வியைக் கேட்டார்.

"பாதுகாப்புணா."

டூப்ளிகேட் போனை வாங்கினார். குரல் மாறிவிட்டது.

"யாருய்யா நீ? பாதுகாப்புப் பூட்டக் கழட்டச் சொல்ற? உன் பேரு இன்னா? எந்தத் தெரு? உனக்கு சாட்சி சொல்ல ரெண்டு பேரு கீறாங்களா?"

கடைக்காரர் போனை வைத்துவிட்டார். பிறகு எடுக்கவே இல்லை. செக்யூர் பூட் இருந்த இடத்திலேயே இருந்தது. அதனால் ஒரு கெடுதலும் வரவில்லை.

சேமித்துவிட்டு வெளியே வந்ததும் விண்டோஸ் திறந்தது. மணி நான்கு ஆகி ஐந்து நிமிடம். செல்வி கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு, லாகின் பக்கத்தைத் திறக்கக் கையை நீட்டினார். அதற்குள் டூப்ளிகேட் குனிந்து சுவரிலிருந்து பிளக்கைப் பிடுங்கிவிட்டார்.

"அண்ணா!"

"தெறந்த பூட்ட மூணு தபா பூட்டித் தெறந்து பாக்காம நான் குடுத்ததே இல்லம்மா." அது இரண்டாவது சட்டம்.

மறுபடி செருகினார். கறுப்புத் திரை. நோ பூட்டபிள் டிவைஸ்.

செல்வி இப்போது உண்மையாகவே அழுதார். ஒரு நிமிடம் விட்டிருந்தால் லாகின் முடிந்திருக்கும். நானும் டூப்ளிகேட்டிடம் இரண்டு வார்த்தை கடுமையாகப் பேசினேன். முனியம்மா பேசியதை எழுதுவதற்கில்லை. டூப்ளிகேட் எதுவும் காதில் விழாதவராக நீலத் திரைக்குள் போனார். பட்டியல் பழையபடி இருந்தது. பென் டிரைவ் முதலில், ஊமை கடைசியில்.

"நாம சொன்னது எல்லாத்தையும் மறந்துட்டுது. மேல மூலைல அது இன்னாம்மா?"

"தேதிணா." செல்வி கண்ணைத் துடைத்துக்கொண்டு படித்தார். ஏதோ ஒரு பழைய வருடத்தின் ஜனவரி ஒன்றாம் தேதி.

"இன்னிக்கி இன்னா தேதின்னே தெரியல அதுக்கு." டூப்ளிகேட்டின் முகத்தில் வெளிச்சம் வந்தது. "கார் சாவி ரிமோட்டும் இப்பிடித்தான். பேட்டரி பூட்டா எல்லாத்தையும் மறந்துடும். தெற பொட்டிய!"

திறந்தோம். உள்ளே சர்க்யூட் பலகையின் நடுவே ரூபாய் நாணயம் போல ஒரு வட்ட பேட்டரி. மின்சாரம் இல்லாத நேரத்தில் அந்த நீலத் திரை உத்தரவுகளை நினைவில் வைத்திருப்பது அதுதான். அது எப்போதோ செத்துவிட்டிருந்தது. வேலூர்க் கடையில் சரியாகத்தான் அமைத்தார்கள். பஸ்ஸில் வர பிளக்கைப் பிடுங்கிய நொடியில் பெட்டி எல்லாவற்றையும் மறந்துவிட்டது. ஆறு நாள் வயரை ஆட்டினாலும் நினைவு வராது. அதே அளவில், அதே எண் போட்ட பேட்டரி டூப்ளிகேட்டின் தகரப் பெட்டியில் நான்கு இருந்தது. கார் சாவிகளுக்காக வைத்திருந்தது.

பேட்டரியை மாற்றி, தேதியைச் சொல்லி, வரிசையைச் சொல்லி, புது முறையைச் சொல்லி முடித்தபோது மணி நான்கு நாற்பத்தொன்று. திறந்தது. டூப்ளிகேட்டின் கை பிளக்கை நோக்கிப் போனது.

"டேய்" என்றது ஒரு குரல்.

முனியம்மா எழுந்து வந்திருந்தார். கையில் சுத்தியல்.

"மொத அவள உள்ள போவ வுடு. உன் மூணு தபாவ அப்பால வச்சிக்க. பிளக்கத் தொட்டே, புளிங்கொட்ட மாரி தெறிக்கும் மண்ட."

தன் வாழ்நாளில் அந்த ஒருமுறைதான் சட்டத்தைத் தள்ளிவைத்ததாக டூப்ளிகேட் பிறகு சொன்னார். நான்கு நாற்பத்தாறுக்கு லாகின் ஆனது. பச்சை எழுத்தில் மையத்தின் எண் வந்தது. செல்வி அதைத் தொட்டுப் பார்த்தார். ஐந்து மணிக்கு மேல் டூப்ளிகேட் மூன்று தடவை பிளக்கைப் பிடுங்கிச் செருகி, மூன்று தடவையும் திறந்ததும்தான் டீ குடித்தார். கூலி பேசும்போது முனியம்மா உள்ளே போய், தனியாகத் துடைத்து வைத்திருந்த சுத்தியலைக் கொண்டுவந்து கொடுத்தார்.

"இந்தா, எடுத்துனு போ. இங்க இனிமே இதுக்கு ஆளு இல்ல."

அன்றிலிருந்து மலையில் எந்தக் கம்ப்யூட்டர் திறக்காவிட்டாலும் செங்கத்துக்குப் போன் போனது. அவருக்கு ஆங்கிலம் படிக்க வராது. ஆகவே ஒவ்வொரு கம்ப்யூட்டருக்கும் ஒரு வெற்றுச் சாவியில் பல் வெட்டிவைத்தார். வலது அம்புப் பொத்தானை மூன்று முறை தட்ட வேண்டும் என்றால் மூன்று சின்னப் பல். கீழ் அம்பு ஐந்து என்றால் ஐந்து பெரிய பல். 'என்டர்' என்றால் ஒரு பள்ளம். அந்தச் சாவியைப் பெட்டியின் பின்னால் கம்பியில் கட்டித் தொங்கவிடுவார். அடுத்த முறை வரும்போது இடது கையால் சாவியைத் தடவிக்கொண்டே வலது கையால் தட்டுவார். திரையைப் பார்ப்பதில்லை. ஓர் அலுவலகத்தில் புதிதாக வந்த அதிகாரி, இந்தக் கம்ப்யூட்டர் தன்னுடையது என்பதற்கு இரண்டு சாட்சி தேடி ஒரு பகல் முழுவதும் அலைந்தார். வந்து மூன்று நாள்தான் ஆகியிருந்தது, பாவம். கடைசியில் முடிவெட்டுகிறவரும் ஓட்டல்காரரும் வந்து சொன்னார்கள்.

சில மாதங்களுக்கு முன் என் மடிக்கணினியும் மெதுவாகிவிட்டது. எஸ்.எஸ்.டி. வாங்கிப் பொருத்தினேன். திறக்கவில்லை. எந்தப் பொத்தானைத் தட்ட வேண்டும் என்பது எனக்கு இப்போது தெரியும். தட்டவில்லை. மலைக்கு எடுத்து வருகிறேன் என்று செல்விக்குப் போன் செய்தேன்.

"சார், டூப்ளிகேட்டண்ணா பூட்டாரு சார்" என்றார். லைன் அறுந்துவிட்டது.

நாற்காலியில் உட்கார்ந்தேன். என் தொழிலில் இருந்தவர்களுக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. இப்படி ஒரு சேதி வந்தால் மனசு தானாகவே நான்கு வரி இரங்கல் எழுத ஆரம்பித்துவிடும். ஆரம்பித்தது. முதல் வரியிலேயே நின்றது. அவர் பெயர் எனக்குத் தெரியாது. வயது தெரியாது. பிறந்த ஊர் தெரியாது. இத்தனை வருடம் பழகிய ஆளைப் பற்றி அச்சேற்றத் தகுந்த தகவலாக என்னிடம் இருந்தது இடது காது சிவப்பு என்பது மட்டும்தான்.

இருபது நிமிடம் கழித்து லைன் கிடைத்தது.

"எப்ப செல்வி?" என்றேன்.

"காலைல சார். படவேட்டுக்கு, பொண்ணு வூட்டுக்கு. திங்கக்கெழம வந்துருவாரு, இங்க வரச் சொல்றேன். இன்னா சார், கொரலு ஒரு மாரி கீது?"

திங்கட்கிழமை போனேன். டூப்ளிகேட் புளிமூட்டை மேல் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார். நான் மடிக்கணினியை எடுக்கவே இல்லை. முதல் வேலையாக அவர் பெயரைக் கேட்டேன்.

"பேரா? எதுக்கு சார்?" டம்ளரைக் கீழே வைத்தார். "நீங்க வெளியூரு. யாரு இன்னான்னு எனக்கு இன்னா தெரியும்? சாட்சி கீதா?"

செல்வி தட்டிக்கொண்டிருந்ததை நிறுத்தாமலே சொன்னார். "சார் நம்ம சாருதான்ணா. ஒரு சாட்சி நான்."

பின்பாதியில் சுத்தியல் நின்றது.

"இன்னொண்ணு நானு. அந்தப் பேப்பர்காரன் இங்க குந்திக்கினு தட்டிக்கினே கெடப்பான். நம்ம புள்ளதான்டா, சொல்லு."

டூப்ளிகேட் சொன்னார். பெயர், தகப்பனார் பெயர், வயது, பிறந்த ஊர். எல்லாவற்றையும் நோட்டில் எழுதிக்கொண்டேன். அந்த நான்கு வரிக்குத் தேவையான விவரம் இப்போது என்னிடம் முழுதாக இருக்கிறது. எழுதும் உத்தேசம் இல்லை.